விழுத்தி

புளியந்தறை ரயில் ஸ்ரேசனுக்குக் கிழக்கே, ஒழுங்கை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் தனுசியா கேற் பார்த்தாள். நாட்சம்பள வேலை. தகரக் கொட்டில் ஒன்று, ஒரு வாங்கு, சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடிகள், கயிற்றால் ஏற்றி இறக்குகிற இரண்டு மரங்கள். ஸ்ரேசனிலிருந்து போன் வந்ததும் மரத்தை இறக்குவாள். கோச்சி போனதும் ஏற்றுவாள். அந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிள்காரர் அவளை ஏசுவார்கள். அதற்கு அவள் பழகிவிட்டாள்.

போன் எடுப்பவன் பெரும்பாலும் அவளுடைய அண்ணன் ஜெயரூபன். அவன் அந்த ஸ்ரேசனில் பொயின்ற்ஸ்மன். தண்டவாளம் பிரிகிற இடங்களில் லீவரை இழுத்துப் பாதை மாற்றிவிடுகிறவன். "தனு, யாழ்ப்பாணத்தாலை வெளிக்கிட்டிட்டுது, போடு" என்பான். வேறு ஒரு சொல் பேசமாட்டான். வேலை நேரத்தில் தங்கச்சி என்று கூடக் கூப்பிட மாட்டான்.

அந்த வருடம் சித்திரையில் கல் கொம்பனி ஒன்று ஸ்ரேசனுக்கு வந்தது. பாதை முழுக்கப் புதிதாகச் சல்லிக்கல் போட வேண்டும் என்று ஒப்பந்தம். கல்லேற்றிய பெட்டிகளை நிறுத்துவதற்காக ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் தற்காலிகமாக ஒரு பக்கப்பாதை போட்டார்கள். அது தனுசியாவின் கொட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி பெரிய பாதையோடு வந்து சேர்ந்தது. கொம்பனியின் ஆட்களுக்கு மேற்பார்வை, தனுசியாவின் கணவன் கோபிசங்கர்.

கோபிசங்கரை அவளுக்குக் கட்டிவைத்ததே ஜெயரூபன்தான். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் இருவரும் ஒரே கூடாரத்தில் கிடந்தவர்கள். ஒரு பிளேன்ரீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்கள். ஊருக்குத் திரும்பியதும், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கிறான், வசதி இல்லை, ஆனால் பயந்தவனில்லை" என்று அம்மாவிடம் சொல்லி அழைத்து வந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் மச்சான் மச்சான் என்றுதான் இருவரும். ஞாயிற்றுக்கிழமைகளில் தனுசியா சமைத்தால் ஜெயரூபனும் அவன் மனைவி வினோஜாவும் வந்து சாப்பிடாமல் போனதில்லை.

பக்கப்பாதை பெரிய பாதையோடு சேர்வதற்கு முன்னால் ஓர் இடத்தில் தண்டவாளத்தின் ஒரு பக்கம் திறந்து கிடக்கும். பார்ப்பவர்கள் வேலை முடியாமல் விட்டுவிட்டுப் போனதாக நினைப்பார்கள். உண்மையில் அது வேண்டுமென்றே விட்டது. பக்கப்பாதையில் நிற்கும் பெட்டி தானாக உருண்டு வந்தால் அந்த இடத்தில் சில்லு தண்டவாளத்தை விட்டு இறங்கி மண்ணில் புதைந்து, பெட்டி கவிழ்ந்துவிடும். பெரிய பாதைக்கு வராது. வருகிற கோச்சியில் மோதாது. ரயில்வேக்காரர் அதற்கு இங்கிலீசில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கல் ஏற்ற வந்த ஊர்ப் பெடியள் "விழுத்தி" என்றார்கள். அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஜெயரூபனே பிறகு அப்படித்தான் சொன்னான்.

விழுத்திக்கு ஒரு கை லீவர். அதன் மறுமுனையில் இரும்புக் குண்டு. லீவரை அழுத்திப் பிடித்திருக்கும் வரை பாதை மூடியிருக்கும், பெட்டி கடந்து போகலாம். கையை எடுத்ததும் குண்டின் பாரத்தில் லீவர் நிமிர்ந்து பாதை திறந்துகொள்ளும். கொம்பனிக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஜெயரூபன் வந்து அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். கோச்சி வருவதற்கு அரை மணித்தியாலம் இருக்கும்போதே அவன் மறுத்துவிடுவான். கல் இறக்குவது நின்றுவிடும். கொம்பனியின் மனேஜர் சுரேஸ் கொழும்பிலிருந்து போன் எடுத்துக் கோபிசங்கரைக் கிழிப்பான்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் தனுசியா பார்த்தாள், லீவர் சாய்ந்தபடியே நின்றது. கிட்டப் போனாள். கொங்கிறீற்றுக்குக் கம்பி கட்டுகிற மெல்லிய கட்டுக்கம்பியால் நாலைந்து சுற்றுச் சுற்றி முறுக்கி, லீவரைச் சிலிப்பர் கட்டையோடு கட்டியிருந்தார்கள்.

அன்று பின்னேரமே ஜெயரூபன் அதைக் கண்டுவிட்டான். கோபிசங்கர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றடிக்கு வரும்வரை காத்திருந்து, அவள் முன்னாலேயே கேட்டான்.

"மச்சான், உதை ஆர் கட்டினது?"

"நான்தான். வேலை முடிய அவிட்டுவிடுவம் எண்டுதான் இருந்தனான். மறந்துபோனன்."

"மறந்துபோனியோ? பெட்டியள் மூண்டு கல்லோடை நிக்குது. உந்த நிலம் சரிவெண்டு தெரியுமல்லே உனக்கு?"

"என்ன சரிவு? போத்தல் ஒண்டை வைச்சால் உருளாது."

"போத்தல் உருளாது. பெட்டி உருளும். சோளகக் காத்து வேறை அடிக்குது."

"பிறேக் போட்டிருக்கு, கல்லு முட்டுக் குடுத்திருக்கு. நீ என்னைப் பிழைக்க விடமாட்டாய் போலை. சுரேஸ் நேற்றும் கேட்டவன், உன்ரை மச்சான் எங்களுக்கு எதிரியோ எண்டு."

ஜெயரூபன் விழுத்தியடிக்குப் போனான். குறட்டால் கம்பியை வெட்டினான். மூன்று நாள் கழித்துத் திரும்பவும் கட்டியிருந்தது. திரும்பவும் வெட்டினான். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு அவனும் வினோஜாவும் வரவில்லை. தனுசியா ஆக்கிய கணவாய்க் கறி சட்டியில் அப்படியே இருந்தது. கோபிசங்கர், "வராட்டி விடு" என்று சொல்லி இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டான்.

ஸ்ரேசன் மாஸ்ரரிடம் ஜெயரூபன் வாயால் சொல்லியிருக்கிறான். "எழுதித் தா, மேலே அனுப்புறன்" என்றாராம் அவர். எழுதினால் கோபிசங்கரின் பெயர் எழுத வேண்டும். அவன் எழுதவில்லை. இது பிறகு அவனுக்கே வினையாக வந்தது.

ஆடி மாதம் இரண்டாம் கிழமை, ஒரு செவ்வாய். விடிந்து சூரியன் பனைகளுக்கு மேலே வந்திருந்தது. தனுசியா கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஜெயரூபன் பாதையோரமாக நடந்து வந்தான். விழுத்தியடியில் குனிந்தான். அவள் இருந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. முதல் நாள் மாலை கட்டிய கம்பியை அவன் வெட்டினான். குண்டு கீழே போக, லீவர் டக்கென்று நிமிர்ந்தது. வெட்டிய கம்பியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

"கண்டனியே?"

"ஓம் அண்ணை."

"அவனுக்கு இப்ப சொல்லாதை. சொன்னால் உடனை வந்து கட்டுவான். காலைக் கோச்சி போகட்டும், நானே போய்ச் சொல்லுறன். இண்டைக்கு எழுதியும் குடுக்கப்போறன். பிறகு என்னோடை கோவிக்காதை."

அவள் தலையாட்டினாள். எழுதினால் கோபிசங்கரின் பெயரும் போகும். ஆனால் அண்ணன் சொன்னதில் பிழை ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அரை மணித்தியாலம் கழித்துக் கோபிசங்கர் சைக்கிளில் வந்தான். வேலைக்குப் போகும் வழியில் கேற்றடியில் நின்று அவளுடைய பிளாஸ்கில் ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பது வழக்கம். ஒழுங்கையிலிருந்து பார்த்தால் லீவர் தெரியாது; பழைய சிலிப்பர் அடுக்கு மறைத்துக்கொண்டிருந்தது. அவன் மூடியில் ஊற்றிக் குடித்தான். அவள் அவன் தோளுக்கு மேலால் சிலிப்பர் அடுக்குப் பக்கம் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை."

"முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"நித்திரை காணாது. வேறையொண்டுமில்லை. போங்கோ, நேரமாகுது."

அவன் மூடியை உதறிக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். சொன்னால் அவன் கோபப்படுவான், போய் அண்ணனோடு சண்டை பிடிப்பான், காலங்காத்தாலை ஸ்ரேசனில் சனம் கூடும். வெட்கமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இருக்கவில்லை.

போன் வந்தபோது பள்ளிக்கூட நேரம். அவள் மரங்களை இறக்கினாள். இந்தப் பக்கம் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளோடு ஒரு வான், நாலைந்து சைக்கிள்கள், சாவகச்சேரிச் சந்தைக்குப் போகிற ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம். கோச்சி தூரத்தில் கூவியது. சோளகம் முகத்தில் மணலை அடித்தது.

அந்த நேரம்தான் பக்கப்பாதையில் கூக்குரல் கேட்டது. அவள் திரும்பினாள். கல் நிரப்பிய மூன்று பெட்டிகளும் நகர்ந்துகொண்டிருந்தன. பிறேக்கை இறுக்க முதல் யாரோ முட்டுக்கல்லை எடுத்துவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். முதலில் நடக்கிற வேகம். பிறகு ஓடுகிற வேகம். கல்லேற்றுகிறவர்கள் கத்திக்கொண்டு விலகினார்கள். ஒருவன் மட்டும் பெட்டியின் பக்கத்தில் ஓடினான். கோபிசங்கர்.

அவன் முன்பெட்டியின் இரும்பில் கைபோட்டுத் தொங்கினான். ஏறினான். பிறேக் சில்லைப் பிடித்து இரண்டு கையாலும் சுற்றத் தொடங்கினான்.

தனுசியாவுக்கு உடனே விளங்கியது. விழுத்தி மூடியிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். தான் கட்டிய கம்பி இன்னும் அங்கே இருக்கிறது, பெட்டி நேராகப் பெரிய பாதைக்குப் போகப்போகிறது, கோச்சி வருகிறது. அதனால்தான் ஏறினான். கம்பி வெட்டியது தெரிந்திருந்தால் அவன் மற்றவர்களைப் போல் ஒதுங்கி நின்று, பெட்டி கவிழ்வதைப் பார்த்துத் தூஷணத்தால் பேசியிருப்பான்.

"குதியுங்கோ! குதியுங்கோ!"

சிவப்புக் கொடியை வீசிக்கொண்டு ஓடினாள். காற்று எதிரே அடித்தது. அவன் ஒருமுறை தலையை நிமிர்த்தி அவள் பக்கம் பார்த்தான். பிறகு பெட்டி மண்ணில் இறங்கியது. சத்தம் கூடப் பெரிதாக இருக்கவில்லை. சில்லுகள் புதைய, பெட்டி ஆடிச் சாய்ந்து, கல் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்தது. பின்பெட்டிகள் இரண்டும் வந்து இடித்து நின்றன. புழுதி அடங்குவதற்குள் கோச்சியின் பிறேக் கீச்சிட்டது. கவிழ்ந்த பெட்டிக்கு நாலு பனை தூரத்தில் வந்து நின்றது.

ஜெயரூபன்தான் முதலில் ஓடி வந்தான். வெறுங்கையால் கல்லை அள்ளி எறிந்தான். கோபிசங்கரின் வலது கால் பெட்டியின் விளிம்புக்குக் கீழே இருந்தது. அவனுக்கு நினைவிருந்தது. "மச்சான், கோச்சி நிண்டுதோ?" என்று கேட்டான். "நிண்டிட்டுது, நிண்டிட்டுது" என்று சொல்லிக்கொண்டே ஜெயரூபன் கல்லை அள்ளினான். அவன் நகங்களிலிருந்து இரத்தம் வந்தது.

கோச்சியில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். பலர் இறங்கி வந்து படம் எடுத்தார்கள். கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போகிறேன் என்று ஒருவர் தனுசியாவிடமே வந்து கேட்டார், "எவ்வளவு நேரம் பிள்ளை உப்பிடி நிக்கப்போகுது? ஒருத்தரும் பொறுப்பில்லையே?" அவள் அவரைப் பார்த்தாள். கொடி இன்னும் கையில் இருந்தது.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். நாலாம் நாள் மனேஜர் சுரேஸ் வந்தான். கையில் ஒரு பெட்டி ஹோர்லிக்ஸ். வார்ட்டுக்கு வெளியே தனுசியாவைக் கூப்பிட்டு, மெதுவாக, மரியாதையாகக் கதைத்தான்.

"அக்கா, இதைக் கவனமாக் கேளுங்கோ. கம்பி எண்ட சொல்லு உங்கடை வாயிலை வந்தால், அவர் கட்டிலாலை இறங்கி நேரை மறியலுக்குத்தான். கோச்சிக்கு ஆபத்து விளைவிச்சது எண்டு வழக்கு வரும். ஒற்றைக் காலோடை சிறையிலை எப்பிடி இருப்பார் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

"அப்ப என்னெண்டு சொல்லுறது?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம். பெட்டியை நகர்த்தச் சொல்லி பொயின்ற்ஸ்மன் பாதையை மூடித் தந்தவர், பிறகு பெட்டி வரேக்கை கையை எடுத்திட்டார். கோபிசங்கர் அண்ணை அப்பிடித்தான் கையெழுத்து வைச்சிருக்கிறார். நீங்கள் ஒண்டும் காணேல்லை. அவ்வளவுதான்."

"என்ரை அண்ணன் அப்பிடிச் செய்யேல்லை."

"செய்யேல்லைத்தான். ஆனால் அவருக்கு வேலை போகும், அவ்வளவுதான். இவருக்கு மறியல். எது பெரிசு எண்டு நீங்களே சொல்லுங்கோ."

வார்ட்டுக்குள் போனாள். கோபிசங்கர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தான். கையெழுத்து வைத்தீர்களா என்று கேட்கவில்லை. ஹோர்லிக்ஸைக் கரைத்துக் கொடுத்தாள். குடித்தான்.

விசாரணை ஆவணியில், ஸ்ரேசனின் தங்குமண்டபத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி, பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கிளார்க். சுவரோர வாங்கில் ஜெயரூபன் இருந்தான். மடித்துத் தேய்த்த சட்டை. மடியில் ஒரு கடதாசிப் பொட்டலம். அதற்குள் அந்தக் கம்பித் துண்டு இருந்தது. தன்னுடைய முறை வந்தபோது அதை மேசையில் பிரித்து வைத்தான். அதிகாரி அதைப் பேனையால் புரட்டிப் பார்த்தார்.

"இது வேலை நடக்கிற இடம். இப்படிக் கம்பித் துண்டு நூறு கிடக்கும். இது அந்த லீவரில் கட்டியிருந்தது என்பதற்கு ஏதாவது எழுத்தில் இருக்கிறதா? முறைப்பாடு கொடுத்தீர்களா?"

"வாயாலை சொன்னனான் ஐயா."

ஸ்ரேசன் மாஸ்ரர், தனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை என்றார்.

"அப்படியானால், நீங்கள் வெட்டியதைக் கண்ட ஒருவராவது இருக்கிறாரா?"

"ஓம். தங்கச்சி கண்டது. கேற்றிலை நிண்டது." அவன் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. அதுவரை அவன் அவளைப் பார்க்கவில்லை. இப்போது திரும்பிப் பார்த்தான். பயமில்லாமல், கேட்டால் தருவாள் என்று தெரிந்த ஒருத்தியிடம் கேட்பது போல.

"அன்று காலை உங்கள் அண்ணன் அந்த லீவரிலிருந்து கம்பி வெட்டியதைப் பார்த்தீர்களா?"

"காணேல்லை ஐயா."

"அதற்கு முதல் கம்பி கட்டியிருந்ததை எப்போதாவது பார்த்தீர்களா?"

"நான் கேற்றைத்தான் பாக்கிறது. அந்தப் பக்கம் பாக்கிறேல்லை."

கிளார்க் எழுதினார். பேனை ஓடுகிற சத்தம் கேட்டது. ஜெயரூபன் மேசைப் பக்கம் திரும்பினான். கம்பித் துண்டைத் திரும்பக் கடதாசியில் சுற்றினான். அதைச் சுற்றி முடிக்க அவனுக்கு நெடுநேரம் பிடித்தது.

முதலில் அவனை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். ஐப்பசியில் விலக்கினார்கள். குடும்பக் கோபத்தை வைத்து ஒரு மனிதனின் காலை எடுத்துவிட்டான் என்று ஊர் பேசியது. கடிதத்தில் கவனயீனம் என்றுதான் இருந்தது. ஊருக்கு அது போதவில்லை. வினோஜா ஒரு நாள் கேற்றடிக்கு வந்தாள். மரம் இறக்கியிருந்த நேரம். சனம் நின்றது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"நீ கண்டனீ. எனக்கு அவர் அண்டைக்கே வந்து சொன்னவர், தனுவும் கண்டது, இனிப் பயமில்லை எண்டு. இனிப் பயமில்லை எண்டவர் மச்சாள்!"

தனுசியா கோச்சி வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வினோஜா தரையில் காறித் துப்பிவிட்டுப் போனாள். அந்த மாதமே அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வினோஜாவின் தாய் வீட்டுக்கு, மானிப்பாய்க்குப் போய்விட்டார்கள்.

கல் கொம்பனி வேலையை முடித்துக்கொண்டு போனது. பக்கப்பாதையைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். விழுத்தியும் அதோடு போனது. சுரேஸின் போன் சில நாள் அடித்தது, பிறகு அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. கோபிசங்கருக்கு வேறு வேலை தருவதாக அவன் சொன்னதெல்லாம் கதையோடு சரி.

அவன் வீட்டில் ஒரு கதிரையில் இருந்தான். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னான். "கோச்சியைக் காப்பாற்ற ஏறினன். என்ரை மச்சான், ஒரே கூடாரத்திலை கிடந்தவன், எனக்குக் கீழே பாதையைத் திறந்துவிட்டான்." முதல் மாதம் அவன் அதைத் தயங்கிச் சொன்னான். மூன்றாம் மாதம் தயங்காமல் சொன்னான். பிறகு அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினான். தனுசியா குசினியில் நின்று கேட்டாள். அவனைக் குளிக்க வார்ப்பதும், கட்டு மாற்றுவதும், கக்கூசுக்குத் தூக்கிப் போவதும் அவள்தான். அவனுடைய பாரம் அவளுடைய இடுப்பில் இருக்கும்போது கூட அவன் அந்தக் கதையைச் சொல்வான்.

மார்கழியில் ஒரு நாள், மழை விட்ட இடைவெளியில், அவள் பஸ் ஏறி மானிப்பாய்க்குப் போனாள். ஜெயரூபன் ஒரு ஹாட்வெயார் கடையில் சீமெந்துப் பைகள் இறக்கிக்கொண்டிருந்தான். தலைமயிர் முழுவதும் சாம்பல் நிறம். சீமெந்தா நரையா என்று தெரியவில்லை. அவளைக் கண்டதும் பையை இறக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் வந்தான்.

"அண்ணை, நான் எழுதிக் குடுக்கப்போறன். கண்டனான் எண்டு."

"ஏன்?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "உங்கடை வேலை..."

"வேலை வராது. முடிஞ்ச கதையைத் திருப்பி ஒருத்தரும் எடுக்க மாட்டினம்." கையைக் காற்சட்டையில் துடைத்தான். "சரி, நான் ஒண்டு கேக்கிறன். கம்பி வெட்டினதை நீ கண்டனீ எண்டு அவனுக்குச் சொன்னியோ?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அவன் ஏன் ஏறினவன் எண்டு எனக்குத் தெரியும். கல்லை அள்ளேக்கையே தெரியும். சொல்லாதை எண்டு உனக்குச் சொன்னது நான். அது என்ரை பிழை, அதை நான் விழுங்கிட்டன். மற்றது உன்ரை. என்னட்டை வந்து இறக்கி வைச்சிட்டுப் போகலாமெண்டு நினையாதை. முதலிலை அவனுக்குச் சொல்லு."

"சொன்னால் அவர் என்னை..."

"என்னவும் செய்யட்டும். நான் ஆறு மாதமா உங்கள் ரெண்டு பேருக்காகவும் ஊர்ப் பேச்சுக் கேக்கிறன்." கடையிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "பஸ் அஞ்சு மணிக்கு இருக்கு, மழைக்கு முதல் போ" என்று சொல்லிவிட்டுப் போனான். தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அவள் கோபிசங்கருக்குச் சாப்பாடு கொடுத்தாள். பாணும் சம்பலும். அவன் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்து, கோப்பையை வாங்கிக்கொண்டு, நின்றபடி சொன்னாள்.

"அண்டைக்குக் காலமை அண்ணை கம்பியை வெட்டினதை நான் கண்டனான். நீங்கள் தேத்தண்ணி குடிக்கேக்கை எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லேல்லை."

அவன் அவளைப் பார்த்தான். அவள் எதிர்பார்த்தது ஒன்றும் அந்த முகத்தில் வரவில்லை. ஆச்சரியம் கூட இல்லை.

"தெரியும்" என்றான்.

"என்னெண்டு?"

"நீ கொடியை வீசிக்கொண்டு ஓடி வந்தனீ. குதி குதி எண்டு கத்தினனீ. காத்துக்குள்ளையும் கேட்டது. விழுத்தி மூடியிருந்தால் ஏன் குதிக்கச் சொல்லுவாய்? பெட்டி கவிழப்போகுதெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? ஆஸ்பத்திரியிலை முதல் ராத்திரியே விளங்கியிட்டுது. ஒரு வாய் தேத்தண்ணி தந்தனீ, பிறகு ஒண்டுமில்லை எண்டனீ."

"தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணையைச் சொன்னனீங்கள்? எல்லாருக்கும்?"

அவன் வெளியே பார்த்தான். முற்றத்தில் மழைத்தண்ணி தேங்கி நின்றது.

"ஆரையாவது கோவிக்க வேணும். கம்பி கட்டினவன் நான். என்னைக் கோவிச்சால் செத்துப்போவன். உன்னைக் கோவிச்சால் என்னை ஆர் தூக்குறது? உவன்தான் மிச்சம். உவன் தாங்குவான்."

கோப்பை அவள் கையில் இருந்தது. அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கணக்காக யோசித்துச் செய்திருக்கிறான். ஆறு மாதமாக அவளுடைய கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவளுடைய காதுக்குள்ளேயே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான். அவள் சொல்கிறாளா என்று பார்த்திருக்கிறான்.

அன்று கேற்றில், ஒரு கோச்சிக்கும் அடுத்த கோச்சிக்கும் இடையில், கொப்பித் தாளில் எழுதினாள். கம்பி கட்டியிருந்ததைக் கண்டேன். வெட்டியதைக் கண்டேன். விசாரணையில் பொய் சொன்னேன். கம்பி கட்டியவர் என் கணவர். கையெழுத்து வைத்து, அடுத்த நாள் தானே கொண்டுபோய் ரயில்வேக் கந்தோரில் கொடுத்தாள். வாங்கிய கிளார்க் இரண்டு முறை வாசித்தார்.

"இந்த விசாரணைக் கோவை மூடியாச்சு, தங்கச்சி. இதைத் தந்தால் உங்களுக்குத்தான் வில்லங்கம். விசாரணையிலை பொய் சொன்னதெண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். வேணுமெண்டால் திருப்பிக் கொண்டு போங்கோ. நான் காணேல்லை."

"நீங்கள் கண்டனீங்கள்" என்றாள். "முத்திரை குத்தி வையுங்கோ."

அவர் குத்தினார்.

ஜெயரூபனுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் கூட வரவில்லை. கோபிசங்கரைத் தேடிப் பொலிசும் வரவில்லை. மறியல் மறியல் என்று அவள் எதற்குப் பயந்தாளோ, அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. தையில் தனுசியாவின் கேற் வேலை மட்டும் போனது. நாட்சம்பளம் என்றபடியால் காரணம் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. நாளையிலிருந்து வேறு ஆள் வருகிறது என்று போனில் சொன்னார்கள். சொன்ன குரல் அவளுக்குத் தெரியாத ஒரு புதுப் பொயின்ற்ஸ்மனுடையது.

கடிதம் கொடுத்த செய்தியை மானிப்பாய்க்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். "சரி" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

இப்போது அவள் ஒரு வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். காலையில் அவனைக் குளிக்கவார்த்துக் கதிரையில் இருத்திவிட்டுப் போனால் மத்தியானம் வந்து தூக்குவாள். போன கிழமை, கனடாவிலிருந்து வந்த ஒரு தூரத்து உறவினர் கோபிசங்கரைப் பார்க்க வந்தார். கால் எப்படிப் போனது என்று கேட்டார். குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த தனுசியாவின் கை நின்றது.

"வேலையிலை போனது" என்றான் கோபிசங்கர்.

வந்தவர் கொஞ்சம் காத்திருந்தார். அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைக்கத் தொடங்கினார். தனுசியா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவருக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.